பந்தயத்துக்கு எந்த வகை ரேடியோ பாய்மரப் படகு? கிருஷ்ணகிரி ஏரிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கரையில் நின்றபடி ரிமோட்டில் இயக்கும் பாய்மரப் படகு வாங்க விரும்பும் நண்பர்கள் சிலர், கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும், அண்மையில் யோசனை கேட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு படகின் படம் இருந்தது. ஒருவருக்கு ஒரு மீட்டர் நீளப் படகின் மீது ஆசை. இன்னொருவருக்கு ஸ்கூட்டரில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய படகு போதும். மற்றொருவர் மரத்தில் தாமே செய்துகொள்வதாகச் சொன்னார். ஆளுக்கொன்றாக இப்படி வாங்கினால் ஏரியில் அழகான படகுகள் மிதக்கும், பந்தயம் மட்டும் நடக்காது. ஆகவே படகின் தரத்தை மட்டும் பாராமல், இந்த இரு மாவட்டங்களின் ஏரிக்கும் காற்றுக்கும் பணப்பைக்கும் எந்த வகை ஒத்துவரும் என்பதையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறேன்.

இந்தப் படகுகளில் பொதுவாக இரண்டே இரண்டு கட்டுப்பாடுகள்தான் உண்டு. ஒன்று சுக்கானைத் திருப்பும், மற்றொன்று பாய்க்கயிற்றை இழுக்கவும் தளர்த்தவும் செய்யும். மோட்டார் படகைத் தள்ளுவதில்லை. ஓட்டம் முழுவதும் காற்றின் வேலை. எனவே இரண்டு படகுகளின் நீளமும் எடையும் பாயின் பரப்பும் ஒன்றாக இருந்தால்தான் ஓட்டுகிறவரின் திறமை வெளியே தெரியும். அதற்காகவே வகை விதிகள் இருக்கின்றன. சில வகைகளில் எல்லோரும் ஒரே தொழிற்சாலைப் படகைத்தான் ஓட்ட வேண்டும். வேறு சிலவற்றில் நீளம், எடை, பாய் ஆகியவற்றுக்கு எல்லை மட்டும் வகுத்துவிட்டு, உடலின் வடிவத்தைச் செய்பவரின் கற்பனைக்கு விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது இனத்தில் உலகெங்கும் மதிப்புப் பெற்றது இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் என்கிற ஐஓஎம். 1988இல் தொடங்கிய இந்த வகையில் உடலின் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது, எடை நான்கு கிலோவுக்குக் குறையக்கூடாது. உடலில் கார்பன் இழைக்கு இடமில்லை. பாய்மரம் அலுமினியத்திலோ மரத்திலோ இருக்க வேண்டும். காற்றின் வேகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள அளவு வரையறுக்கப்பட்ட மூன்று பாய்த்தொகுதிகள் உண்டு. அவற்றுள் பெரியது சுமார் 0.6 சதுர மீட்டர் பரப்புள்ளது. இது தண்ணீரில் போகும் விதம் சிறிய படகுகளுக்கு எட்டாதது: காற்று சட்டென்று வலுத்தாலும் பதறாமல் சாய்ந்து கொடுத்து, தன் எடையின் வேகத்தாலேயே அலையைக் கடந்துவிடும்.

ஆனால் நம் பக்கத்துப் புதியவருக்கு ஐஓஎம்மை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை உயர்வு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த வகையில் படகையும் பாயையும் முறையாக அளந்து சான்று பெற வேண்டும் என்பதே. அளக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாத இடத்தில், உன் பாய் பெரிதா என் பாய் பெரிதா என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். மேலும் படகு கவிழாமல் காக்க அடியில் செங்குத்தாகத் தொங்கும் அடித்தகடும் அதன் நுனியிலுள்ள ஈயக் குண்டும் சேர்ந்து தண்ணீருக்குள் 42 சென்டிமீட்டர் வரை இறங்கலாம். சித்திரை, வைகாசியில் நம் ஏரிகளின் கரையோரம் எவ்வளவு ஆழம் இருக்கும் என்பதை எவரும் அறிவார்.

மார்பிள்ஹெட் என்ற பழைய அமெரிக்க வகை (50 அங்குல நீளம், 800 சதுர அங்குலப் பாய்) கைவண்ணம் மிக்கவர்களுக்கானது. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். ஆர்ஜி65 வகை அப்படித் தள்ளிவிடக்கூடியதன்று. நீளம் 65 சென்டிமீட்டர், பாயின் மொத்தப் பரப்பு 2,250 சதுர சென்டிமீட்டர் என்று எல்லை வகுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அநேகமாகச் செய்பவரிடமே விட்டுவிடும் விதி இது. பால்சா மரத்திலோ கண்ணாடி இழையிலோ வீட்டிலேயே செய்யலாம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு லேத் பட்டறையும் துல்லிய வேலை தெரிந்த கைகளும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. அவர்கள் சுக்கான் தண்டையும் சிறு கொக்கிகளையும் கடையில் வாங்கினால் நான் வியப்படைவேன். ஒரே ஒரு சிக்கல்: நன்றாகச் செய்யத் தெரிந்தவரே எப்போதும் வெல்வார். குழு இன்னும் உருவாகாத கட்டத்தில், தோற்பவர் இரண்டு மாதத்தில் படகைப் பரணில் ஏற்றிவிடுவார்.

எஞ்சி நிற்பவை சீனாவின் ஜாய்ஸ்வே நிறுவனம் தயாரிக்கும் டிராகன்ஃபோர்ஸ் 65, டிராகன்ஃபிளைட் 95 ஆகிய இரண்டும். ஓட்டுபவர்கள் வழக்கமாக டிஎஃப் 65, டிஎஃப் 95 என்றே சொல்வார்கள்; எண் படகின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும். உடல், அடித்தகடு, ஈயக் குண்டு, சுக்கான் ஆகியவை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான விதி. அளவைச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து, பாய்மரத்தைப் பொருத்தி, கயிறுகளை முடிந்து, அன்று மாலையே தண்ணீரில் விடலாம். 65இன் எடை சுமார் 1.2 கிலோ, 95இன் எடை சுமார் 2 கிலோ.

இரண்டில் 95தான் சிறந்த படகு என்பதை மறைக்கத் தேவையில்லை. நீளம் கூடினால் நீரில் எட்டக்கூடிய வேகமும் கூடும். நோக்கும் திசையைவிட்டு விலகாமல் போகும். கரையிலிருந்து தொலைவில் போனாலும் பாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி அணிந்தவர்கள் இந்தக் கடைசிக் காரணத்தை இலேசாக நினைக்கக்கூடாது. இருந்தும் என் வாக்கு 65க்கே. அதன் காரணங்கள் படகில் இல்லை, நம் ஊரில் இருக்கின்றன.

முதலில் போக்குவரத்து. 65இன் அடித்தகட்டைக் கழற்றிவிட்டால் உடல் ஒரு தோள்பையில் அடங்கும். பாய்களைத் தட்டையான அட்டைப்பெட்டியில் வைத்துப் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொண்டால் டிவிஎஸ் எக்ஸெல்லில்கூட ஏரிக்குப் போய்விடலாம். 95க்குக் கார் இருந்தால்தான் நிம்மதி. ஒருவர் மட்டும் கார் வைத்திருக்கிற குழுவில் 95ஐத் தேர்ந்தெடுத்தால், அவருக்கு வேலை இருக்கிற ஞாயிறன்று எல்லோருக்கும் விடுமுறைதான்.

அடுத்தது தண்ணீர். இங்கே ஒரு முரண் இருக்கிறது: தென்மேற்குக் காற்று நன்றாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பெரும்பாலான ஏரிகள் வற்றிக் கிடக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது காற்று நிலையாக இராது. இரண்டும் கூடிவரும் இடங்கள் குறைவு. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பு அவற்றுள் ஒன்று. ஆனால் அந்தப் பரப்பு மிக அகன்றது. பேட்டரி தீர்ந்த படகைக் காற்று எதிர்க்கரைக்குக் கொண்டு போய்விட்டால் மீனவரின் பரிசலைத்தான் நாட வேண்டும். காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் நின்று ஓட்டினால், செயலிழந்த படகு தானாகவே நம் காலடிக்கு வந்து சேரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அது வடகிழக்குக் கரை.

நெடுஞ்சாலையை ஒட்டிய அவதானப்பட்டி ஏரி அளவில் வசதியானது. அங்கே படகு இல்லம் இருப்பதால், அனுமதி கேட்டு, சவாரி தொடங்கும் முன் காலையிலேயே முடித்துக்கொள்வது இருசாராருக்கும் நல்லது. ஓசூர் ராமநாயக்கன் ஏரி, தருமபுரி ராமாக்காள் ஏரி போன்ற ஊரோர நீர்நிலைகளில் இறங்குமுன் பாசியையும் ஆகாயத்தாமரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பாசி இழை அடித்தகட்டில் சிக்கினாலும் போதும், படகு மாட்டைக் கட்டிப்போட்டதுபோல் நின்றுவிடும். அப்போது மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பாயைத் தளர்த்தினால் படகு மெல்லப் பின்னோக்கி நகரும். சிக்கிய இழை பெரும்பாலும் அதிலேயே கழன்றுவிடும். இந்த வித்தை இலேசான 65இல் எளிதாக வருகிறது.

இனிக் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில் 1.2 கிலோ படகின் கதி என்ன? பெரிய பாயுடன் காற்றோடு ஒரே திசையில் ஓடும்போது முன்மூக்கு தண்ணீருக்குள் செருகிக்கொள்ளும். சுக்கான் நீரைவிட்டு எழுந்துவிடும். பிறகு ரிமோட்டில் எந்தக் குச்சியைத் தள்ளினாலும் படகு கேட்காது. இதற்காகவே 65க்கு ஏ பிளஸ், ஏ, பி, சி என்று இறங்கு வரிசையில் பாய்த்தொகுதிகள் இருக்கின்றன. புதியவர்கள் ஒரே தொகுதியோடு வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ஏ தொகுதியோடு பி தொகுதியையும் முதல் நாளே சேர்த்து வாங்குவதுதான் என் அறிவுரை. இல்லையென்றால் ஆண்டின் நல்ல காற்று மாதங்களைக் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். ஏ பிளஸ், பனையும் புளியமரமும் காற்றை மறைக்கும் சிறு ஏரிகளுக்கு உதவும், அது அவசரமில்லை. சி தொகுதி அணைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.

படகு வந்தவுடன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. இந்த அளவுள்ள படகுகளில் தண்ணீர் நுழையும் முக்கிய வழிகள் இரண்டு: சுக்கான் தண்டு இறங்கும் குழாய், மேல்தளத்தின் மூடித்துளை. முதலாவதில் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். இரண்டாவதை ஒட்டுத்தாளால் மூடும்போது விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்து, நகத்தால் சுற்றிலும் அழுத்திவிட வேண்டும். நம் வெயிலில் பசை இளகுவதால் ஒவ்வொரு முறையும் புதிய தாள் ஒட்டுவதே பாதுகாப்பு. படகினுள் போட்டுவைத்த ஒரு சிறு பஞ்சுத் துண்டு, கசிவு இருக்கிறதா என்பதைக் கரைக்கு வந்ததும் காட்டிவிடும். பேட்டரிக்கு ஏஏ அளவுச் செல் நான்கு போதும் என்பது 65இன் பெரிய வசதி. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண செல், காற்று வலுத்துப் பாய்க்கயிற்றை இழுக்கும்போது சோர்ந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் பாயை விட்டுவைத்தால் அதன் வடிவம் கெடும். ஒட்டிய மூலைகளும் பிரியும்.

வாங்கும் வழியில்தான் அலுப்பு. உதிரி பாகங்கள் உள்ளூர்ப் பொம்மைக் கடைகளில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் கூரியர் செலவும் விலையோடு நன்றாகவே ஏறிவிடும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவது இதனால் கட்டாயம் என்றே சொல்வேன். கூடவே குழுவுக்குப் பொதுவாகச் சுக்கான் ஒன்று, சர்வோ (சுக்கானையோ பாய்க்கயிற்றையோ அசைக்கும் சிறு மோட்டார்) ஒன்று, பாய்மரக் குழாய் ஒன்று வாங்கி வைத்தால் ஒருவருடைய படகு பழுதானதற்காகப் பந்தயம் நிற்காது. எல்லோரும் ஒரே வகை வைத்திருப்பதன் பலன் இங்கேதான் முழுதாகத் தெரியும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் என்பதால் பழைய நாட்களைப்போல் ஆளுக்கொரு அலைவரிசை பிரித்துக்கொடுக்கும் தொல்லையும் இல்லை.

பந்தய விதிகளுக்கு உலகப் பாய்மர அமைப்பின் விதிநூலில் ரேடியோ படகுகளுக்கென்றே உள்ள இ என்ற பிற்சேர்க்கையைப் பின்பற்றலாம். மற்றவர் படகில் மோதினால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றித் தண்டனையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கரையில் குறித்த எல்லைக்குள் நின்றுதான் ஓட்ட வேண்டும். ஒருவரையொருவர் பெயரால் அழைக்காமல் பாயில் எழுதிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தால் அழைக்க வேண்டும். எனவே எண்களைப் படகு வருவதற்கு முன்பே குழுவுக்குள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். 16, 61 போன்ற குழப்பும் ஜோடிகள் ஒரே ஏரியில் வேண்டாம்.