பழைய துப்பாக்கி வாங்க: கண்காட்சியா, இணைய ஏலமா?

அமெரிக்கத் துப்பாக்கிக் கண்காட்சி மேசைகளில் ஒரு காலத்தில் வின்செஸ்டர், மௌசர் போன்ற பழைய துப்பாக்கிகள் நிறைந்திருக்கும். இப்போது பல ஊர்களில் ஏஆர்-15 என்ற நவீன ரைபிள்தான் கண்ணில் படுகிறது. சேகரிப்பவர்கள் குழம்புவது நியாயம்தான்.

கிடைப்பது: 1999இல் தொடங்கிய கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் நாடு முழுவதும் உள்ள சரக்கு. கண்காட்சியில் அதிர்ஷ்டம், ஆயிரக்கணக்கான மேசைகள் போடும் ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா கண்காட்சி மட்டும் விதிவிலக்கு.

சோதிப்பது: கண்காட்சியில் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து, மௌசரின் போல்ட்டிலும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) உடலிலும் ஒரே தொடர் எண்தானா என்று கையில் வைத்தே சரிபார்க்கலாம், இதற்கு ஈடே இல்லை. ஏலத்தில் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

செலவு: கண்காட்சியில் நுழைவுச்சீட்டு, அப்புறம் பேரம். ஏலத்தில் அனுப்பும் செலவோடு, துப்பாக்கியைப் பெற்று உங்களிடம் ஒப்படைக்கும் உரிமம் பெற்ற வியாபாரியின் கட்டணமும் சேரும். சேகரிப்பாளர் உரிமம் இருந்தால் 50 வயது தாண்டிய துப்பாக்கி வீட்டுக்கே வரும்.

குறிப்பிட்ட ஒரு மாடலைத் தேடினால் ஏலம். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் துல்சா போய் நாலு பெரியவர்களிடம் பேசுங்கள்.