பெட்டியைக் காட்டாமல் போடும் வார ஊசி: கோவையில் எனக்கு நடந்தது

எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இப்போது ஒரு சர்க்கரை நோய் நிபுணரிடம் முறைப்படி நானே அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். அதே மருந்தின் பெயரைச் சொல்லி ஒரு ஸ்லிம்மிங் சென்டர் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு என்ன செய்தது என்பதுதான் விஷயம். புகார் நடந்துகொண்டிருப்பதால் சென்டரின் பெயரைப் போடவில்லை.

வாரம் ஒருமுறை போடும் மவுஞ்சாரோ ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அதே மாதிரி இன்னொரு வார ஊசியான வீகோவி அதே ஆண்டு ஜூனில். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்தத் தெருவைப் பார்த்தாலும் விளம்பரம்தான். நான் போன இடத்தில் மூன்று மாதப் பேக்கேஜ், 12 ஊசி, 24,000 ரூபாய், டயட் ஆலோசனை இலவசம். அதாவது ஊசி ஒன்று 2,000 ரூபாய். மவுஞ்சாரோ இங்கே அறிமுகமானபோது இருப்பதிலேயே குறைந்த 2.5 மில்லிகிராம் குப்பியே 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டதற்கு, “மொத்தமா எடுக்கறோங்க மேடம்” என்றார்கள். ஒரு குப்பியைப் பல பேருக்குப் பிரித்தால்தான் இந்த விலை வரும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்தக் குப்பி ஒருவருக்கு ஒருமுறை போடுவதற்கானது. கெடாமல் காக்கும் பொருள் எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும், அடுத்தவருக்குப் போடக் கூடாது.

வெள்ளைக் கோட்டோடு ஒருவர் எடையும் உயரமும் பார்த்தார். பெயர்ப் பலகையில் ‘கன்சல்டன்ட்’ என்று மட்டும் இருந்தது, பதிவு எண் இல்லை. வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர். அவரிடமும் கேட்கவில்லை. அந்த மாத்திரையோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம், மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் முதல் நாளே பேச வேண்டியவை.

ஊசி போடும் முறைதான் விசித்திரம். உள் அறையிலிருந்து ஒரு பெண், மருந்து ஏற்கெனவே ஏற்றிய இன்சுலின் சிரிஞ்சைத் தட்டில் வைத்து எடுத்து வருவார். பெட்டியைப் பார்க்கலாமா என்றால், “ஃப்ரிட்ஜ்ல இருக்குங்க மேடம், அடிக்கடி வெளிய எடுத்தா கெட்டுரும்.” என் அட்டையில் மருந்தின் பெயர் இல்லை, மில்லிகிராம் இல்லை. ‘20 யூனிட்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

முதல் சில வாரங்கள் லேசான குமட்டலோடு போயின. ஒரு வாரம் மட்டும் சிரிஞ்சின் மூடி சிவப்பாக இருந்தது. அதுவரை ஆரஞ்சு நிறம். அட்டையில் அதே 20தான். அன்று இரவு தொடங்கிய வாந்தி நிற்கவே இல்லை. தண்ணீர் கூடத் தங்கவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றியது, சிறுநீர் குறைந்துபோனது. வீட்டுக்காரர் சென்டருக்குப் போன் செய்தார். “மருந்து நல்லா வேலை செய்யுதுங்க சார், எலுமிச்சை ஜூஸ் குடுங்க.” ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியிருந்தது.

டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை மில்லிகிராம்?” அட்டையைக் காட்டினேன். அவரே சென்டருக்குப் பேசினார். அங்கேயும் “20 யூனிட்” என்ற பதில்தான். அப்புறம் அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இன்சுலின் சிரிஞ்சில் நம் ஊரில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் வகை, ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் வகை. 40 என்றால் ஒரு மில்லி 40 கோடாகப் பிரிந்திருக்கும், 100 என்றால் நூறாக. ஆகவே ஆரஞ்சு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 0.2 மில்லி. சிவப்பில் அதே 20 வரை இழுத்தால் 0.5 மில்லி, இரண்டரை மடங்கு. மவுஞ்சாரோ குப்பியில் இருப்பதே மொத்தம் 0.5 மில்லிதான். 5 மில்லிகிராம் குப்பியாக இருந்திருந்தால், 2 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்த உடம்பில் ஒரே வாரத்தில் 5 போயிருக்கும். முறைப்படி 2.5-ல் தொடங்கி நான்கு வாரம் கழித்துத்தான் 5-க்குப் போக வேண்டும், அதற்கு மேலே ஒவ்வொரு படிக்கும் குறைந்தது நான்கு வாரம். இதிலும் ‘இருந்திருந்தால்’ என்றுதான் சொல்ல முடிகிறது, குப்பியை யாரும் காட்டவில்லையே. யூனிட் என்பது இன்சுலினுக்கான அளவு, இந்த மருந்துக்கானது அல்ல.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. குப்பியிலிருந்து இழுத்துப் போடும் செமாகுளுடைடு (வீகோவியில் உள்ள மருந்து) வகைகளில் யூனிட்டையும் மில்லியையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொண்டு, தேவைக்கு 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டவர்கள் உண்டு என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024-ல் எச்சரித்தது. அதே ஆண்டு ஜூனில், அதே செமாகுளுடைடு மருந்தைக் கொண்ட சர்க்கரை நோய் ஊசியான ஓசெம்பிக்கின் போலிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. ஆஸ்திரியாவில் 2023-ல் போலி ஊசிப் பேனாவை (மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசி) போட்டுக்கொண்டு சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அங்கே சந்தேகித்தார்கள்.

மீதிப் பணத்தைக் கேட்கப் போனபோதுதான் ரசீதைச் சரியாகப் பார்த்தோம். 24,000 ரூபாயும் ‘டயட் கவுன்சலிங்’ என்ற ஒரே வரியில் இருந்தது. ஊசி என்ற பேச்சே இல்லை. “நாங்க மருந்தே விக்கலைங்களே” என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்புறம் சமாதானத்துக்கு இரண்டு ஊசி இலவசம் என்றார்! நல்லவேளை, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

இப்போது பார்க்கும் டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார், குடும்பத்து நோய்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பதிவு எண்ணோடு சீட்டு கொடுத்தார், அதில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கின்றன. பார்மசியில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பில்லோடு, குளிர்ப்பையில் வாங்குகிறேன். வீட்டு ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பேனாவாக இருந்தால், ஊசி முனையை மாற்றினாலும் இன்னொருவரோடு பகிரக் கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. வயிற்று வலி கடுமையாகி முதுகுப் பக்கம் பரவினால் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருக்கிறார். கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கவனிக்க: மவுஞ்சாரோ தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பும் வேண்டும். எங்கள் சென்டரில் பாதிக்கு மேல் இளம் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரிடமாவது இதைச் சொல்லியிருப்பார்களா தெரியாது.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் திரும்ப வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பக்க விளைவைப் பதிவு செய்ய 1800 180 3024. மருந்தைச் சீட்டில்லாமல் விற்பது பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், சென்டரின் பதிவு பற்றி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுதலாம். நாங்கள் இரண்டுக்கும் எழுதியிருக்கிறோம். அட்டை, ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றின் நகலையும் இணைத்தோம். சென்டர் இன்னும் திறந்துதான் இருக்கிறது. வாசலில் தீபாவளி ஆஃபர் பலகை மாட்டியிருக்கிறார்கள்.