மலையடியில் நான்கு வருடம், பிராம்ஃபோன்டெய்னில் இரண்டரை

ஜனவரியில் மெட்ரிக், அதாவது தென்னாப்பிரிக்காவின் பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் டர்பனில் எங்கள் வீட்டு போன் ஓயாது. அப்பா கோயில் குருக்கள். நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பேட்டையில் பாதிப் பேருக்கு எங்கள் நம்பர் தெரியும். பூஜைக்கு நாள் கேட்க அழைப்பவர்கள் வைப்பதற்கு முன், "பாப்பா ரெண்டு இடத்திலும் படிச்சவளாச்சே, யூ.சி.டி.யா, விட்ஸா? எதுல சேர்க்கலாம்?" என்று கேட்டுவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கணக்கு இது. 2016 முதல் 2019 வரை கேப் டவுன் பல்கலைக்கழகத்தில், அதுதான் யூ.சி.டி., சிவில் இன்ஜினியரிங். நடுவில் இரண்டு வருடம் டர்பனில் வேலை. 2022 தொடக்கத்திலிருந்து 2024 பாதி வரை ஜோஹனஸ்பர்க்கில், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை. விட்ஸ் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். படிப்பைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு ஒன்றுமில்லை. ஒன்று 1829இல் கல்லூரியாக ஆரம்பித்தது. மற்றது 1896இல் கிம்பர்லியில் சுரங்கப் பள்ளியாக ஆரம்பித்து, ஜோஹனஸ்பர்க்குக்கு இடம் மாறி, 1922இல் பல்கலைக்கழகமானது. வேலைக்கு விண்ணப்பம் போட்ட இடங்களில் இரண்டு பெயருக்கும் ஒரே மரியாதைதான் கிடைத்தது. தரவரிசைப் பட்டியலில் ஓரிரு இடம் முன்னே பின்னே இருப்பதைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை நான்கு வருடம் குடியிருக்கப் போகிற ஊரைப் பாருங்கள்.

கேப் டவுன் அழகு. இதில் வாதமே கிடையாது. டெவில்ஸ் பீக் மலைச்சரிவில் ஏறும் வளாகப் படிக்கட்டுகளில் முதல் நாள் நின்றபோது, இங்கே படிக்கக் காசு வாங்குவது நியாயம்தான் என்று தோன்றியது. ஆனால் அதே படிகளில் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், கீழே கேப் ஃப்ளாட்ஸ் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடக்கும். நிறவெறிக் காலத்தில் நல்ல பேட்டைகளிலிருந்து விரட்டப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய மணல்வெளி. மேலே இருந்து பார்க்கத்தான் இந்த ஊர் அத்தனை அழகு என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம் காற்று. கோடையில் தென்கிழக்குக் காற்று கிளம்பினால் தாவணி, குடை, அசைன்மென்ட் எதுவும் கையில் நிற்காது. ஊரின் அழுக்கைத் துடைத்துக்கொண்டு போவதால் அதற்குக் 'கேப் டாக்டர்' என்று செல்லப்பெயர் வேறு. டர்பனில் மழை கோடையில் வரும். அங்கே ஜூன், ஜூலையில், குளிரோடு சேர்ந்து வரும். ஸ்வெட்டரே தெரியாமல் வளர்ந்த பெண் நான். முதல் குளிர்காலத்தில் துணி காயாமல் ஈர வாடையோடு வகுப்புக்குப் போனதுதான் நினைவில் இருக்கிறது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது 2018. மூன்று வருடம் மழை பொய்த்து அணைகள் வறண்டன. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர்தான். குழாயை மூடப்போகும் நாளுக்கு 'டே ஜீரோ' என்று பெயர் வைத்து ஊரே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்த நாள் வரவேயில்லை. அப்போது நான் அப்சர்வேட்டரி பேட்டையில் நான்கு பெண்களோடு ஒரு 'டிக்ஸ்'சில் இருந்தேன், வாடகையைப் பங்குபோட்டு எடுக்கும் வீட்டுக்கு இங்கே அப்படித்தான் பெயர். ஷவரில் இரண்டு நிமிடம் நின்றால் ஒரு நாள் பங்கில் பெரிய துண்டு போய்விடும் என்று மற்றவர்கள் தவித்தார்கள். நான் ஒரு வாளியில் பத்து லிட்டர் பிடித்து, சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு வந்தேன். அவர்களுக்கு அது வித்தை. ஒருத்தி ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தாள். ஒரே வாரத்தில் வீட்டில் ஐந்து வாளி, ஐந்து பிளாஸ்டிக் ஜக். அந்தக் கழிவுநீர்தான் கழிப்பறைக்கு. இதற்கு நடுவில் அம்மா போனில், "வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சியா?" என்பாள். ஐம்பது லிட்டரில் சீயக்காய் போகுமா? போனது, இரண்டு நாள் பங்கைச் சேர்த்துவைத்தால்.

அந்த வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் நவம்பர் 30 அன்று முடியும். டிசம்பரில் அதே அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் அவருக்குப் பன்மடங்கு வருமானம். ஜனவரி கடைசியில் நாங்கள் திரும்பி வந்து, இன்னும் கூடிய வாடகைக்கு அதே வீட்டைக் கெஞ்சி வாங்க வேண்டும். பெட்டி, மிக்ஸி, சாமி படம் எல்லாம் இரண்டு மாதம் தோழியின் கார் ஷெட்டில் கிடக்கும். இது அவர் ஒருவரின் குணம் என்று சொல்லமாட்டேன். கடலும் மலையும் உள்ள ஊரில் மாணவர்களுக்கு எப்போதும் இரண்டாம் பந்திதான்.

கேப் டவுனில் நம்மவர்கள் வாழும் ரைலண்ட்ஸில் சிவாலயம் இருக்கிறது, மசாலா கடைகள் இருக்கின்றன. ஆனால் மெயின் ரோட்டில் "மோப்ரே! க்ளேர்மான்ட்! வைன்பர்க்!" என்று கத்திக்கொண்டு போகும் டாக்சிகள் (இங்கே டாக்சி என்றால் பலரை ஏற்றும் மினிபஸ்) அந்தப் பக்கம் போகாது, இறங்கி மாறவேண்டும். சனிக்கிழமையே பாதி போய்விடும். மாதம் ஒருமுறை போவதே பெரிது. டர்பனோ 1600 கிலோமீட்டருக்கு அப்பால். பஸ் என்றால் ஒரு முழு நாளுக்கு மேல், விமானம் என்றால் அப்பாவின் தட்சிணைக் காசு. தீபாவளி பரீட்சை நேரத்தில் வரும். நான்கு வருடத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட வீட்டில் இல்லை.

ஜோஹனஸ்பர்க் என்றதும் அம்மா அழுதாள். "அங்கே பட்டப்பகலிலேயே கழுத்தில் கிடப்பதை அறுத்துக்கொண்டு போவானாமே" என்று அத்தை வேறு ஏற்றிவிட்டாள். என் போன் பறிபோனது கேப் டவுனில், மாலை ஐந்து மணிக்கு, பஸ் நிறுத்தத்தில். ஜோஹனஸ்பர்க்கில் இரண்டரை வருடத்தில் ஒன்றும் போகவில்லை. ஊர் யோக்கியம் என்று அர்த்தமில்லை. அங்கே பயம் இருந்ததால் ஜாக்கிரதை இருந்தது. இருட்டினால் நடக்கமாட்டேன், ரோபோட்டில் கார் நின்றால் கண்ணாடியை இறக்கமாட்டேன். (சிக்னலை ரோபோட் என்பது எங்கள் நாட்டு வழக்கு. இந்தியாவிலிருந்து வரும் சித்தப்பா இன்னும் சிரிக்கிறார்.) பெண்பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வளாகத்துக்குள்ளேயோ, நடக்கும் தூரத்தில் காவலாளி உள்ள கட்டடத்திலோதான் அறை எடுங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

விட்ஸ் இருக்கும் பிராம்ஃபோன்டெய்ன் பேட்டை பார்க்க லட்சணமாக இருக்காது. கான்கிரீட், குப்பை, ஹார்ன். வளாகத்தையே நெடுஞ்சாலை ஒன்று கிழக்கு, மேற்கு என இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஆனால் அந்த ஊரில் எல்லாம் நடக்கிறது. ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் டவுனுக்குப் போகும் டாக்சி நிற்கும். பார்க் ஸ்டேஷனில் ஹௌட்ரெயின் என்ற வேக ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் சாண்ட்டன். கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் அங்கேதான். கேப் டவுனில் படித்தபோதே எனக்கு விடுமுறைப் பயிற்சி கிடைத்தது ஜோஹனஸ்பர்க்கில்தான் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்தியக் கடைகள் நிறைந்த ஃபோர்ட்ஸ்பர்க் பக்கத்திலேயே. கறிவேப்பிலை, தோசை, இரவு பத்து மணிக்கும் டீ. மெல்ரோஸில் பழைய சிவ சுப்ரமணியர் கோயில், தைப்பூசத்துக்குக் காவடி. டர்பனுக்கு இரவு பஸ் ஏறினால் காலையில் அம்மா கையால் காபி.

குறைகளும் சொல்கிறேன். 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. ஒரு நாளில் மூன்று முறை போகும், லிஃப்ட் நிற்கும், ஒன்பதாம் மாடிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். அணையில் தண்ணீர் இருந்தும் குழாயில் வராத நாட்கள் உண்டு. கேப் டவுன் வாளி அங்கேயும் வேலை செய்தது. குளிர்காலம் வறட்சி, உதடு வெடிக்கும். கடல் இல்லை, ஆறு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றில்லை. டர்பன்காரிக்கு அது ஒரு ஏக்கம்தான்.

2023இல் அப்பா பார்க்க வந்தார். நெல்சன் மண்டேலா படித்த இடம் என்று வளாகத்தைக் காட்டினேன், தலையாட்டினார். அப்புறம் பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டுக்கு அழைத்துப் போனேன். தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். ஜோஹனஸ்பர்க்கில் பிறந்த பெண். சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் போய்விட்டாள். அப்பாவுக்குப் பொறையாறு. தில்லையாடி பக்கத்து ஊர். "எங்க ஊர் பேரை இவ இங்க கொண்டுவந்து வச்சிருக்கா" என்றார். மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார், என்ன செய்வது என்று யோசித்தவர்போல் கையிலேயே வைத்திருந்தார், பிறகு என் நெற்றியில் இட்டுவிட்டார். நான்கு வருடம் கேப் டவுனில் இருந்தும் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவில்லை.

சரி, பதில். பதினெட்டு வயதுப் பிள்ளையை முதல் பட்டத்துக்கு அனுப்புகிறீர்கள், குடும்பம் டர்பனில் இருக்கிறது, கையிருப்பு அளவானது என்றால், நான் விட்ஸ் என்பேன். பிள்ளை தனிமைக்குப் பழகியது, கடலும் மலையும் பார்த்தால்தான் மூச்சு வரும் என்றால் கேப் டவுன். எனக்குச் சம்பளம் வர ஆரம்பித்தபின் போன கேப் டவுன் வேறு ஊர்போல இனித்தது, அதையும் மறைக்கவில்லை. "பக்கத்திலேயே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் இருக்கே, அது என்ன குறைச்சல்?" என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். டிசம்பரில் வேண்டாம், டிசம்பரில் போனால் எவரும் கேப் டவுனைத்தான் எடுப்பார்கள். ஜூலையில், மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். ஜோஹனஸ்பர்க்கில் வார நாள் மாலை ஐந்து மணிக்கு விட்ஸ் பக்கத்து யோரிசன் தெருவில் பிள்ளையோடு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். எந்த ஊர் முடிவானாலும் பெட்டியில் ஒரு சொம்பு வைத்து அனுப்புங்கள். வாளி அங்கேயே கிடைக்கும்.