ஆப்பை மூடியும் போகாத சர்வீஸ்கள்: இரண்டு வருட அனுபவம்

லினக்ஸில் ஓப்பன்பாக்ஸ் என்ற எளிய விண்டோ மேனேஜரை மட்டும் போட்டு, முழு டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் வேலை பார்க்கிற ஆள் நான். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களைக் காட்டும் எச்டாப்பைத் திறந்தால் பட்டியலில் இருப்பதெல்லாம் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கிறுக்குதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பைத்தானிலும், விண்டோ, பட்டன் எல்லாம் வரைந்து தரும் ஜிடிகே 3 லைப்ரரியிலும் எனக்கென்று ஒரு குறிப்பு எழுதும் ஆப் செய்துகொண்டேன். ஒரு விண்டோ, எழுத ஒரு பெட்டி, ‘திற’, ‘சேமி’ என்று இரண்டு பட்டன். நெட்வொர்க் பக்கமே போகாது.

ஒரு நாள் அதைத் திறந்து, ஒரு ஃபைலைப் படித்துவிட்டு மூடினேன். எச்டாப்பில் புது ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குப்பைத்தொட்டி, நெட்வொர்க் ஃபோல்டர் போன்றவற்றைக் கவனிக்கும் ஜிவிஎஃப்எஸ்டி, அதன் கூட்டாளி ஜிவிஎஃப்எஸ்டி-ஃபியூஸ், ஸ்கிரீன் ரீடர்களுக்கு உதவும் ஏடி-எஸ்பிஐ-பஸ்-லாஞ்சர், செட்டிங்குகளை எழுதிவைக்கும் டிகான்ஃப்-சர்வீஸ். ப்ராசஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ‘பஸ்’ஸை நடத்துகிற டிபஸ்-டீமன் ஒன்றுக்கு இரண்டாக ஓடியது. ஆப் போய்விட்டது, இவர்கள் யாரும் கிளம்பவில்லை. ஏதோ வேண்டாதது உள்ளே புகுந்துவிட்டது என்றே முதலில் பயந்தேன்.

எந்த ப்ராசஸை எது பிறப்பித்தது என்று காட்டும் பிஎஸ்ட்ரீ போட்டுப் பார்த்தது குழப்பத்தைக் கூட்டியது. என் ஆப்புக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மூலத் தாய், சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி. உண்மையைச் சொன்னது லாக்தான். லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லை யூசர் பகுதிக்கு மட்டும் ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் ஆப்பைத் திறந்தேன். ‘ஓஆர்ஜி டாட் ஜிடிகே டாட் விஎஃப்எஸ் டாட் டீமன்’ என்ற சர்வீஸை எழுப்புவதாக ஒரு வரி வந்தது. அதே வரியின் கடைசியில், கேட்டது யார் என்று பிஐடி-யும் (ப்ராசஸின் எண்) ப்ராசஸின் பெயரும் இருந்தன. பெயர் பைத்தான்3. பிஐடி என் ஆப்புடையது.

டிபஸ் ஆக்டிவேஷன் என்பது இதுதான். ஒரு பெயரைச் சொல்லி பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால், அந்தப் பெயருக்கான சர்வீஸ் ஓடாவிட்டாலும் டிபஸ் அதைத் தேடிப்பிடித்து எழுப்பிவிடும். எந்தப் பெயருக்கு எந்த புரோகிராம் என்ற விவரம் டிபஸ்-1 ஃபோல்டருக்குள் சர்வீஸ் ஃபைல்களாக இருக்கிறது. எழுப்புகிற வேலையை சிஸ்டம்டி-யிடம் விட்டுவிடுவதால் அதுவே தாயாகத் தெரிகிறது. கூப்பிட்டவர் போய்விட்டாலும் வந்தவர் போக வேண்டும் என்று விதி கிடையாது.

சரி, நான் எங்கே கூப்பிட்டேன்? வெறும் விண்டோவை மட்டும் காட்டுகிற நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். ஜிவிஎஃப்எஸ்டி-யும் ஏடி-எஸ்பிஐ-யும் அதற்கே வந்துவிட்டன. இரண்டாவது டிபஸ்-டீமனும் ஏடி-எஸ்பிஐ கொண்டுவந்ததுதான். ஸ்கிரீன் ரீடர் போன்றவற்றுக்கு என்று அது தனி பஸ் வைத்துக்கொள்கிறது. ‘திற’ பட்டனைச் சேர்த்து ஃபைல் டயலாக்கைத் திறந்ததும் யுடிஸ்க்ஸ்2 வால்யூம் மானிட்டர் வந்தது. பென்டிரைவ்களைப் பக்கப்பட்டியில் காட்ட அது வேண்டும்.

டிகான்ஃப் மட்டும் வரவில்லை. ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் டயலாக்கை மூடினேன். அந்த நொடியில் வந்து நின்றது! டயலாக்கின் அளவு, எந்த வரிசையில் ஃபைல்கள் அடுக்கப்பட்டிருந்தன என்பதையெல்லாம் மூடும்போது ஜிடிகே எழுதி வைக்கிறது. செட்டிங்கைப் படிக்க டிகான்ஃபுக்கு சர்வீஸ் தேவையில்லை, ஃபைலிலிருந்து நேரடியாகப் படித்துக்கொள்ளும். எழுதத்தான் சர்வீஸ் வேண்டும். ‘கேன்சல்’ அழுத்தினால் ஒரு சர்வீஸ் பிறக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

காரணம் தெரிந்ததோடு விட்டிருக்கலாம். நான் எல்லாவற்றையும் அடைக்கக் கிளம்பினேன். அதற்கென்றே என்விரான்மென்ட் வேரியபிள்கள், அதாவது புரோகிராம் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளும் மதிப்புகள், இருக்கின்றன: நோ ஏடி பிரிட்ஜ், ஜிஐஓ யூஸ் விஎஃப்எஸ், ஜிஐஓ யூஸ் வால்யூம் மானிட்டர், ஜிசெட்டிங்ஸ் பேக்எண்ட் (எல்லாம் கேப்பிடலில், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர், ‘ஜிசெட்டிங்ஸ்’ ஒரே சொல்). முதலாவதற்கு 1, அப்புறம் வரிசையாக லோக்கல், யுனிக்ஸ், மெமரி என்று கொடுத்தேன். விஎஃப்எஸ்-ஐ மட்டும் லோக்கல் ஆக்கினால் போதும் என்று நினைத்து ஒரு மாலை வீணானது. வால்யூம் மானிட்டர் தனி மாட்யூல், அதைத் தனியாகத்தான் நிறுத்த வேண்டும்.

சோம்பேறித்தனத்தில் நாலையும், லாகின் ஆகும்போது படிக்கப்படும் ப்ரொஃபைல் ஃபைலில் போட்டுவிட்டேன். மறுநாள் ஃபைல் மேனேஜரில் குப்பைத்தொட்டி திறக்கவில்லை. என் ஆப்புக்கு மட்டும் போட வேண்டியதை மொத்த செஷனுக்கும் போட்டுவிட்டேன் என்பது உறைக்க அரை மணி நேரமானது. பிறகு ஆப்பை எழுப்பும் லாஞ்சர் ஸ்கிரிப்டுக்குள் அவற்றை மாற்றினேன். எச்டாப் சுத்தமானது, ஏழெட்டு மாதம் நிம்மதி.

ஆனால் வேறு தொல்லைகள் மெதுவாகத் தெரிந்தன. பென்டிரைவைச் செருகினால், நானே மவுண்ட் செய்தாலொழிய டயலாக்கில் அது தெரியவில்லை. டயலாக் ஒவ்வொரு முறையும் பழைய குட்டி அளவிலேயே திறந்தது. பார்வைக் குறைபாடுள்ள நண்பர் ஒருவருக்கு ஆப்பைக் கொடுத்தபோது, அவருடைய ஸ்கிரீன் ரீடர் என் விண்டோவில் மட்டும் ஊமையாகிவிட்டது. லாஞ்சரில் நான் போட்ட முதல் வரியான ‘நோ ஏடி பிரிட்ஜ்’தான் காரணம். அன்றைக்கே எடுத்துவிட்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இந்த சர்வீஸ்கள் பிடிக்கும் மெமரியையும் நான் தப்பாகத்தான் அளந்திருந்தேன். எச்டாப்பின் ஆர்இஎஸ் கணக்கில் பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள் ஒவ்வொன்றிலும் முழுசாகச் சேர்ந்துவிடும். பகிர்ந்ததைப் பங்கு பிரித்துச் சேர்க்கும் பிஎஸ்எஸ் கணக்கில் (எஸ்மெம் என்ற கருவி காட்டுவது) பார்த்தால் எல்லாம் சேர்ந்தும் கவலைப்படும் அளவுக்கு இல்லை.

இப்போது லாஞ்சரில் மிச்சம் இருப்பது விஎஃப்எஸ் வரி ஒன்றுதான். என் குறிப்புகள் லோக்கல் டிஸ்க்கைத் தாண்டிப் போவதில்லை, அதனால் அது இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். எச்டாப்பில் டிபஸ்-டீமன் மறுபடி இரண்டாக ஓடுகிறது. புதிதாக ஏதாவது பெயர் தெரிந்தால் இப்போது கில் கட்டளைக்குக் கை போவதில்லை, முதலில் ஜர்னலில் ‘கேட்டது யார்’ என்ற வரியைத் தேடுகிறேன். போன மாதம்கூட ஒன்று வந்தது. கேட்டது நான் எழுதிய இன்னொரு ஸ்கிரிப்ட்.