இணைப்பா, பகிர்வா, நான்கு நாள் பள்ளியா? அமெரிக்கச் சிற்றூர்களுக்கு முன் உள்ள மூன்று வழிகள்

1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் சுமார் 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று இருப்பவை 13,000 சொச்சம். இதற்கிடையில் நாட்டின் மக்கள்தொகை இரண்டரை மடங்காகிவிட்டது. காணாமல் போன மாவட்டங்களில் பெரும்பாலானவை கிராமப்புறத்தவை. மிஞ்சி நிற்கும் சின்ன மாவட்டங்களுக்கும் பட்ஜெட் போடும்போதெல்லாம் அதே கேள்விதான். பக்கத்து மாவட்டத்தோடு இணைந்துவிடலாமா? தனியாக இருந்துகொண்டே சிலவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளலாமா? இல்லை, வாரத்தில் நான்கு நாள் மட்டும் பள்ளி நடத்திச் சமாளிக்கலாமா?

மூன்றையும் அலசுவதற்கு முன் ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக்கு ஆசிரியரை நியமிப்பதும் சம்பளம் தருவதும் மாநில அரசு. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது ஒரு தனி நிர்வாகம். பெரும்பாலான இடங்களில் ஊர் மக்களே ஓட்டுப் போட்டுப் பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியம்தான் மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட்டை வேலைக்கு அமர்த்துகிறது, ஆசிரியர்களை எடுக்கிறது, பஸ் வாங்குகிறது. ஊராரின் சொத்து வரியில் ஒரு பங்கு நேராகப் பள்ளிக்குப் போகிறது. மாநில அரசின் பணமும் வருகிறது, ஆனால் அது பெரும்பாலும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது.

சிக்கல் அந்தத் தலைக்கணக்கில்தான். அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் முன்பு பல குடும்பங்கள் பிரித்து உழுத நிலத்தை இன்று பெரிய இயந்திரங்களை வைத்து ஒரே குடும்பம் பார்த்துக்கொள்கிறது. குடும்பங்கள் குறைந்தால் பிள்ளைகளும் குறைவார்கள். ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனால் மூவருக்கான பணமும் போய்விடும். ஆனால் அந்த வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், பஸ் அதே சாலையில் ஓட வேண்டும், குளிர்காலத்தில் கட்டடம் முழுவதையும் சூடாக்க வேண்டும். செலவு குறைவதே இல்லை.

இணைப்பு

மூன்றில் பழைய வழி இது. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959-இல் வெளியிட்ட அறிக்கையில், இறுதி வகுப்பில் 100 பேராவது இல்லாத உயர்நிலைப் பள்ளியால் நல்ல பாடத்திட்டம் தர முடியாது என்று எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இயற்பியலும் உயர் கணிதமும் சொல்லிக்கொடுக்கத் தனித்தனி ஆசிரியர்களை 40 பேர் படிக்கும் பள்ளியில் எப்படி வைப்பது? இணைப்பை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இன்றும் இதுதான். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆனால் இணைப்பு நடைமுறையில் யாருடைய தலையில் விழுகிறது என்பதற்கு அர்க்கன்சா மாநிலத்தின் கதையைப் பார்க்க வேண்டும். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சமவெளியில் லேக் வியூ என்று ஒரு சின்ன ஊர். மக்களில் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர், ஏழைகள். சொத்து மதிப்பு குறைவு என்பதால் வரியும் குறைவாகவே வரும். பணக்கார மாவட்டத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது எங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று 1992-இல் அந்தப் பள்ளி மாவட்டம் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டது. பத்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம், பள்ளிகளுக்கு நிதி தரும் முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. லேக் வியூ ஜெயித்தது.

அப்புறம் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. நிதியைச் சீர்செய்யப் புறப்பட்ட அரசு, சின்ன மாவட்டங்களையும் சேர்த்துக் கையில் எடுத்தது. ஆளுநர் மைக் ஹக்கபி 1,500 மாணவர்கள் என்ற வரம்பை முன்வைத்தார். எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 350 என்று முடிவானது. 2004-இன் 60-ஆம் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350-க்குக் கீழே இருக்கும் மாவட்டம் தனியாக நீடிக்க முடியாது என்றானது. அதே 2004-இல் லேக் வியூ மாவட்டம் பார்ட்டன்-லெக்ஸா மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. நீதி கேட்டு ஜெயித்த ஊருக்குத் தன் பள்ளி வாரியமே இல்லாமல் போனது. மாநிலம் முழுவதற்கும் கூடுதல் நிதி வந்ததற்கு இந்த ஊரின் வழக்குதான் காரணம். அந்த நிதியைத் தன் வாரியத்தின் மூலம் செலவழிக்கும் வாய்ப்பு மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. நிதிச் சீர்திருத்தத்தையும் கட்டாய இணைப்பையும் ஒன்றாகக் கட்டியது பெரும் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

2015-இல் அந்தச் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. 350-க்குக் கீழே போனாலும் விலக்குக் கேட்க வழி வந்தது. 2004-இல் இணைந்துபோன ஊர்களுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

வெர்மான்ட் மாநிலம் 2015-இல் வேறு பாதையில் போனது. குறைந்தது 900 மாணவர்கள் கொண்ட மாவட்டங்களை உருவாக்க வேண்டும் என்று சொன்ன 46-ஆம் சட்டம், முதலில் வரிச்சலுகை காட்டி ஊர்களை அழைத்தது, பிறகுதான் அழுத்தம் கொடுத்தது. அங்கே முதலில் இணைந்தது வாரியமும் அலுவலகமும்தான். ஊர்ப் பள்ளிகள் உடனே மூடப்படவில்லை. இணைப்பு ஒப்பந்தம் எழுதும்போதே, எங்கள் ஊர் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்காமல் எங்கள் பள்ளியை மூடக் கூடாது என்று பல ஊர்கள் சேர்த்துக்கொண்டன. அப்படிப்பட்ட ஒரு வரி லேக் வியூவுக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பகிர்வு

இது சத்தமில்லாத வழி. நியூயார்க் மாநிலத்தில் 1948 முதல் ‘போசஸ்’ என்ற கூட்டுறவு அமைப்புகள் இருக்கின்றன. ஒரு மாவட்டத்தால் தனியாக நடத்த முடியாத வெல்டிங், செவிலியர் உதவியாளர் போன்ற தொழிற்பயிற்சி வகுப்புகளையும், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான ஆசிரியர்களையும் பல மாவட்டங்கள் சேர்ந்து அதன் மூலம் வைத்துக்கொள்கின்றன. அயோவாவில் இரண்டு மாவட்டங்கள் ஒரே சூப்பரின்டெண்டென்ட்டை வைத்துக்கொள்வது சாதாரணம். அதற்கு மாநில அரசு கூடுதல் பணமும் தருகிறது. இன்னும் ஒரு படி மேலே போய் வகுப்புகளையே பிரித்துக்கொள்வதும் உண்டு: உயர்நிலைப் பள்ளி ஓர் ஊரில், நடுநிலைப் பள்ளி அடுத்த ஊரில், தொடக்கப் பள்ளி இரண்டு ஊரிலும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. உயர்நிலைப் பள்ளி எந்த ஊருக்கு என்பதில் சண்டை வரும். விளையாட்டு அணியின் நிறம் என்ன, சின்னம் என்ன என்பதில் அதைவிடப் பெரிய சண்டை வரும். இரண்டு ஊர்ப் பெயரையும் கோடு போட்டு ஒட்டவைத்த பெயர்களோடு அயோவாவில் இத்தனை மாவட்டங்கள் இருப்பது அந்தப் பேச்சுவார்த்தைகளின் தடம்தான். பல இடங்களில் பகிர்வு கடைசியில் இணைப்பிலேயே முடிந்திருக்கிறது. அதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சில ஆண்டுகள் ஒன்றாகப் படித்து, பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்த பிறகு தாங்களாக எடுக்கும் முடிவும், தலைநகரிலிருந்து வரும் உத்தரவும் ஒன்றாகாது.

வெர்மான்ட்டின் ரிப்டன் என்ற மலையூரின் அனுபவம் இங்கே சேர்த்துப் பார்க்கத் தக்கது. தன் தொடக்கப் பள்ளி மூடப்பட்டுவிடும் என்ற பயத்தில் 2021-இல் ரிப்டன் மக்கள் இணைந்த மாவட்டத்திலிருந்து பிரிந்துவர ஓட்டுப் போட்டார்கள். அனுமதியும் வாங்கினார்கள். ஆனால் கணக்கு, பஸ், சிறப்புக் கல்வி போன்ற அலுவலகப் பணிகளைச் செய்துதரப் பள்ளி மாவட்டங்களின் எந்தக் கூட்டமைப்பும் முன்வரவில்லை. 2022-இல் பழைய மாவட்டத்துக்கே திரும்ப முடிவெடுத்தார்கள். வகுப்பறையை ஊரே நடத்திவிடும், அலுவலகத்தைத் தனியாக நடத்துவதுதான் முடியாத காரியம்.

நான்கு நாள் பள்ளி

இப்போது வேகமாகப் பரவுவது இதுதான். சுமார் 900 மாவட்டங்கள் இந்த முறைக்கு வந்துவிட்டன. கொலராடோவில் பாதிக்கும் மேற்பட்ட மாவட்டங்கள், மிசௌரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ விடுமுறை, மற்ற நாட்களில் பள்ளி நேரம் கொஞ்சம் நீளும்.

மிச்சம் எவ்வளவு? சம்பளம் அப்படியே இருக்கும், குறைவது பஸ், சமையல், மின்சாரம் மட்டும். 2011-இல் நடந்த ஓர் ஆய்வு, உண்மையில் மிச்சமானது மொத்தச் செலவில் 0.4 முதல் 2.5 சதவீதம்தான் என்று காட்டியது. அதனால் இன்று பல ஊர்கள் பணத்தைவிட, ஆசிரியரைப் பிடித்துவைக்கத்தான் இதைச் செய்வதாகச் சொல்கின்றன. பக்கத்துப் பெரிய மாவட்டம் தரும் சம்பளத்தைத் தர முடியாத ஊர், மூன்று நாள் விடுமுறையைத் தருகிறது. ஆனால் பக்கத்து மாவட்டமும் நான்கு நாளுக்கு மாறிவிட்டால் அந்த ஈர்ப்பு போய்விடும்.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் இது பிடித்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பான்மையினர் இதையே விரும்பினார்கள். மருத்துவரைப் பார்க்க இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய ஊர்களில் ஒரு வேலைநாள் ஓய்வாகக் கிடைப்பது பெரிய வசதி. அதே ஆய்வுதான், ஐந்து நாள் பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்களின் தேர்வு மதிப்பெண் வளர்ச்சி மெதுவாகப் பின்தங்குகிறது என்றும் காட்டியது. முதல் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாது, ஆண்டுகள் போகப் போகச் சேரும். மொத்தக் கற்பிக்கும் நேரம் குறையாமல் பார்த்துக்கொண்ட இடங்களில் பாதிப்பும் குறைவு.

ஐந்தாவது நாள் வீட்டில் சாப்பாடு இல்லாத பிள்ளை என்ன செய்யும்? பள்ளியில் கிடைக்கும் காலை உணவையும் மதிய உணவையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் அமெரிக்கக் கிராமங்களிலும் நிறைய. மதிய உணவு பள்ளிக்கு என்ன செய்தது என்று தலைமுறையாகப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

பணத்தில் பார்த்தால் இணைப்புக்கு உண்மையான லாபம் உண்டு, ஆனால் ஓர் எல்லைக்குள். நியூயார்க்கில் நடந்த ஆய்வுகள், 300 மாணவர் கொண்ட இரண்டு மாவட்டங்கள் இணைந்தால் செலவு நன்றாகக் குறையும், 1,500 மாணவர் கொண்டவை இணைந்தால் பெரிதாக ஒன்றும் குறையாது என்கின்றன. புதுக் கட்டடம் கட்டினால் அந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விடும். இரு ஊர்ச் சம்பளத்தையும் உயர்ந்த அளவுக்குச் சமப்படுத்தினால் இன்னொரு பகுதி. இந்த லாபத்தில் நிர்வாகச் செலவில் மிச்சமாகும் பங்கு பகிர்விலும் கிடைக்கும்.

படிப்பில்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது இருக்கிறது. 1920-க்கும் 1949-க்கும் இடையே பிறந்த அமெரிக்கர்களின் பிற்கால வருமானத்தைக் கிறிஸ்டோபர் பெரி, மார்ட்டின் வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். சின்னப் பள்ளிகள் இருந்த மாநிலங்களில் படித்தவர்கள் அதிக ஆண்டுகள் படித்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் மாவட்டம் பெரிதாக இருந்ததால் கொஞ்சம் நன்மையே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: நிர்வாகம் பெரிதாகலாம், பள்ளி பெரிதாக வேண்டாம். என் முடிவுக்கு அடிப்படை இதுதான்.

ஏன் அப்படி? கான்சஸில் ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. பெரிய பள்ளியில் குழுக்கள் அதிகம், ஆனால் பெரும்பாலான மாணவர்கள் பார்வையாளர்களாகவே இருந்தார்கள். சின்னப் பள்ளியில் நாடகத்துக்கும் இசைக்குழுவுக்கும் அணிக்கும் எல்லோரும் தேவைப்பட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவனையும், படிப்பு வராதவளையும்கூடப் பிடித்து இழுத்து மேடையில் ஏற்றத்தான் வேண்டியிருந்தது. ஆட்ட இடைவேளையில் அமெரிக்கக் கால்பந்து உடையோடே டிரம் வாசிக்கப் போகும் பையனை இன்றும் சின்ன ஊர்களில் பார்க்கலாம். பதினொரு பேர் தேறாத பள்ளிகளுக்காக ஸ்டீஃபன் எப்ளர் என்ற ஆசிரியர் 1934-இல் நெப்ராஸ்காவில் ஆறு பேர் ஆடும் கால்பந்தையே உருவாக்கினார். டெக்சஸில் இன்னும் அதை ஆடுகிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிய அந்த மனநிலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸை வையுங்கள். மேற்கு வர்ஜீனியா 1990 முதல் நூற்றுக்கணக்கான பள்ளிகளை மூடியது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 30 நிமிடம், நடுநிலைக்கு 45, உயர்நிலைக்கு 60 என்று மாநிலமே பயண வரம்பு வைத்திருந்தும், மலைச்சாலைகளில் அது பல இடங்களில் மீறப்பட்டது. ஆறு வயதுக் குழந்தையை இருட்டில் பஸ் ஏற்றும் திட்டத்தில் எவ்வளவு மிச்சமானாலும் என்னால் அதை ஏற்க முடியாது. மாலையில் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டிய மாணவன் எந்த அணியிலும் சேர மாட்டான். பெரிய பள்ளியின் வசதிகள் அவனுக்குப் பெயரளவில்தான்.

ஊரைப் பொறுத்தவரை, கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லைசன் நியூயார்க்கின் சின்னக் கிராமங்களை ஒப்பிட்டு 2002-இல் எழுதியது போதும்: பள்ளி உள்ள கிராமங்களில் வீட்டு மதிப்பும் அடிப்படை வசதிகளும் மேலாக இருந்தன. பள்ளி இருந்ததால் ஊர் செழித்ததா, செழித்த ஊரில் பள்ளி தங்கியதா என்று வாதாடலாம். ஆனால் பள்ளி மூடிய ஊருக்கு இளம் குடும்பம் குடிவர யோசிக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஆக, என் ஓட்டு பகிர்வுக்கு. சூப்பரின்டெண்டென்ட், கணக்கு, பஸ் பராமரிப்பு, தொழிற்பயிற்சி எல்லாம் பக்கத்து மாவட்டத்தோடு சேரட்டும். ஐந்தாம் வகுப்பு வரையாவது பள்ளி ஊரிலேயே இருக்கட்டும். உயர்நிலை வகுப்பில் இருபது பேர்கூடத் தேறவில்லை என்றால் அதை மட்டும் சேர்த்து நடத்தலாம், ஒரு பக்கப் பயணம் 45 நிமிடத்தைத் தாண்டாத வரை. ஊர் சம்மதமில்லாமல் மூடக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் முதல் நாளே ஏற வேண்டும். ஆசிரியரே கிடைக்காமல் நான்கு நாளுக்குப் போகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், மொத்தக் கற்பிக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்காமல், ஐந்தாவது நாளும் பள்ளிச் சமையலறையைத் திறந்துவைத்து, அப்புறம் போகட்டும்.