மூளிக் காதும் சர்க்கரை மாத்திரையும்: ஒட்டுவதா, தைப்பதா, அப்படியே விடுவதா?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளுக்கு வரும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களைக் கவனித்துப் பாருங்கள். பலருக்குத் தோட்டுத் துளை புள்ளியாக இருக்காது, கோடாக நீண்டிருக்கும். கனத்த தோடும் ஜிமிக்கியும் பல வருடம் இழுத்ததன் விளைவு அது. பிறகு ஒருநாள் பேரக்குழந்தை பிடித்து இழுக்கும், அல்லது சேலை நூல் மாட்டிக்கொள்ளும். மிச்சமிருந்த தோலும் அறுந்து, காதுச் சோணை இரண்டாகப் பிளந்துவிடும்.

காதைத் தைப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களில் தண்டட்டி போடுவதற்காகக் காது வளர்த்தார்கள். அந்தத் தலைமுறையில் பலர் பிற்பாடு தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொண்டதும் உண்டு. அன்றைக்கு இல்லாத சிக்கல் ஒன்று இன்று இருக்கிறது. காது கிழிந்து நிற்கும் பெண்ணின் கைப்பையில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கின்றன. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் ரத்தம் உறையாமலிருக்க இன்னும் இரண்டு மாத்திரைகள். என் அத்தைக்கும் இதே நிலைதான். “சர்க்கரை உள்ளவள் காதில் கத்தி வைக்கலாமா?” என்று அவர் கேட்டபோது, வீட்டில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். “இந்த வயதில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது” என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேத்தியின் காதணி விழாவில் மூளிக் காதோடு நிற்க எந்தப் பாட்டிக்கும் மனம் வராது. அந்த ஆசையை நியாயமானதாக எடுத்துக்கொண்டு, இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்ப்பதுதான் முறை.

முதல் வழி, எதுவும் செய்யாமல் சமாளிப்பது. ஜிமிக்கியின் கனத்தைக் கூந்தலுக்கு மாற்றிவிடும் மாட்டல், காதின் பின்பக்கம் ஒட்டும் சிறு ஸ்டிக்கர், அகன்ற வட்டம் வைத்த திருகு ஆகியவை துளை நீண்ட காதுக்கு நன்றாகவே உதவும். மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் முழுதாகப் பிளந்த சோணைக்கு இவற்றால் பயனில்லை. அப்போது துளையே வேண்டாத, காதைக் கவ்விப் பிடிக்கும் தோடு ஒன்றுதான் மிச்சம். அதையும் சில மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தால் சோணை வலிக்கும்.

இரண்டாவது வழியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. “கத்தி இல்லை, தையல் இல்லை, உடனே தோடு போடலாம்” என்று விளம்பரம் செய்து, பார்லர்களில் காது ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம். துளையின் உட்புறத் தோலை அமிலத்தால் பொசுக்கிப் புண்ணாக்கி, இரண்டு பக்கத்தையும் டேப் போட்டுச் சேர்த்து வைக்கிறார்கள். புண் ஆறும்போது பக்கங்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. இந்த முறையையே பொய் என்று தள்ளிவிட முடியாது. முழுதாக அறுபடாத சிறு கிழிசலுக்கு, அமிலத்தின் அடர்த்தி தெரிந்த தோல் மருத்துவர் இதைச் செய்தால் பலன் கிடைக்கும். பார்லரிலோ லேபிள் இல்லாத குப்பிதான் இருக்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சர்க்கரை உள்ளவருக்குத் தையலுக்கும் அமிலத்துக்கும் உள்ள வேறுபாடு பெரியது. தையல் போட்ட காயத்தின் ஓரங்கள் சேர்ந்தே இருப்பதால் சீக்கிரம் மூடிவிடும். அமிலத்தால் வந்த புண் திறந்த புண், அது தானாக ஆற வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களின் வேகம் குறையும், புதுத் தோல் வளர்வதும் தாமதமாகும். உறவுக்காரப் பெண் ஒருவர் இப்படி ஒட்டிக்கொண்டு வந்தபோது அருகிலிருந்து பார்த்தேன். டேப் ஈரத்தில் ஊறி மஞ்சள் படிந்திருந்தது. சோணை வீங்கித் தோல் பளபளத்தது. பின்பக்கம் கறுத்த பொருக்கு, அதன் ஓரத்தில் சீழ். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் புண் ஆறியபோது, துளை முன்னைவிட அகன்றிருந்தது. பிறகு தைப்பதற்கும் நல்ல தோல் குறைந்துபோயிற்று.

மூன்றாவது வழி தையல். காதுக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். கிழிசலின் இரு ஓரங்களிலும் ஏற்கெனவே ஆறி வழவழப்பாகிவிட்ட தோலைச் சீவி எடுத்துவிட்டு, பச்சைப் பரப்புகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். சில மருத்துவர்கள் நேர்கோடாகத் தைக்காமல் வளைத்து மடக்கித் தைப்பார்கள். தழும்பு சுருங்கிக் காதின் அடியில் பள்ளம் விழாமலிருக்க அது ஓர் ஏற்பாடு. ஒரு காதுக்கு அரை மணி நேரம் போலத்தான் ஆகும். பொதுவாகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு இது பெரிய சௌகரியம்: வழக்கம்போலச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போய், அன்றே வீடு திரும்பலாம். ஒரு வாரம் அல்லது பத்து நாளில் தையல் பிரிப்பார்கள்.

“சர்க்கரைக்காரருக்குக் கத்தி ஆகாது” என்ற பயம் காலில் வரும் ஆறாத புண்களைப் பார்த்து வந்தது. காலில் நரம்பு மரத்துப் போகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அதன் மேல் உடம்பின் பாரமும் விழுகிறது. காதுச் சோணையில் குருத்தெலும்பு கிடையாது, தோலும் கொழுப்பும்தான். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் இடம் அது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் நன்றாகவே ஆறும்.

கட்டுக்குள் என்றால் எவ்வளவு? ரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளவு, அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்கு முடிந்தவரை 8 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை. 10 என்று வந்தால் காதை விட்டுவிட்டு முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பது அடுத்த கேள்வி. இதில்தான் வீட்டு வைத்தியர்கள் விபரீதம் செய்கிறார்கள். “ரத்தம் நிற்காது, நாலு நாள் இதய மாத்திரையை நிறுத்து” என்பார்கள். தோலில் செய்யும் சிறு அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் க்ளோபிடோக்ரலை இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. காதில் கசியும் ரத்தத்தை விரலால் அழுத்தியே நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள்தான் ஆகிறதென்றால் காதுத் தையலைத் தள்ளிப்போடுங்கள், மாத்திரையைத் தொடுவதே வேண்டாம்.

முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம். அதற்காக அதைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் கேடு. நெடுநாள் மாத்திரைக்குப் பழகிய உடம்பு, தானாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்திருக்கும். மருத்துவரிடம் சொல்லும் பட்டியலில் நாட்டு மருந்துப் பொடியும் லேகியமும் இருக்கட்டும்.

காதோடு சேர்த்து வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அது வேறு கணக்கு. முழு மயக்கம், பட்டினி எல்லாம் வந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. நீண்ட நோய் உள்ளவருக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

தையல் தோற்றுப்போகும் இடமும் உண்டு: கெலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு. அம்மை ஊசித் தழும்போ பழைய காயமோ தடித்துப் புடைத்திருந்தால் அதை முதலிலேயே காட்டிவிடுங்கள். காதுச் சோணையில் கெலாய்டு வந்தால் அதற்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, சிலருக்குச் சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடவும் கூடும். கெலாய்டு வரும் உடம்புக்காரர்களுக்கு மாட்டலும் கவ்வுத் தோடுமே மேல்.

எங்கே செய்வது? மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. தீக்காயமும் விபத்தும் முந்திக்கொள்ளும் இடத்தில் காதுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பொது மருத்துவர், இதய மருத்துவர், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதால், பல நோய் உள்ளவருக்கு அதுவே பலம். தனியாரில் தேதி சீக்கிரம் கிடைக்கும், செலவு கையிலிருந்துதான். அழகுக்கான அறுவை சிகிச்சையை மருத்துவக் காப்பீடு ஏற்காது. விபத்தில் அறுந்த காது என்றால் விதிவிலக்கு உண்டு, பாலிசியைப் படித்துப் பார்த்துக் கேளுங்கள். எங்கே போனாலும், கத்தி எடுக்கும் முன் உங்கள் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படிக்காத இடத்தில் உட்காராதீர்கள்.

தையல் போட்ட காதில் புதுத் துளை இட இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், அதுவும் தழும்பின் மேல் அல்ல, பக்கத்தில். ஆகவே தை முகூர்த்தத்துக்குத் தோடு போட வேண்டுமென்றால், புரட்டாசியில் ஹெச்பிஏ1சி பார்த்து, ஐப்பசி தொடக்கத்தில் தைத்துவிட வேண்டும். அத்தைக்குப் புரட்டாசியில் 9-க்கு மேல் வந்தது. தை மாதக் கல்யாணத்துக்குக் கவ்வுத் தோடு, சர்க்கரை இறங்கியபின் வைகாசியில் தையல் என்று முடிவு செய்திருக்கிறோம்.