12 அடி பழைய கேரவன் வாங்கி 14 மாசம் இழுத்தாச்சு, எப்படி இருக்குன்னு சொல்றேன்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க தாமான்ல (குடியிருப்புல) மொத கேரவன், அதாவது வண்டிக்கு பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற வீடு, எங்களோடதுதான். அதனால வாங்குன நாள்ல இருந்து கேட் முன்னாடி நின்னு கேட்டவங்க நெறைய பேரு, எவ்வளவுக்கு வாங்குனீங்க, ஹைலக்ஸ் பிக்கப் இழுக்குதா, உள்ள சூடு தாங்குமா, கெரான் (வண்டி உரிமைப் பத்திரம்) இருக்கான்னு. ஏழு பயணம் போயாச்சு, 2,000 கிலோமீட்டருக்கு மேல இழுத்தாச்சு, இப்ப சொன்னா சரியா இருக்கும்.

எதுக்கு வாங்குனோம்னு மொதல்ல சொல்லிடுறேன், அது தெரிஞ்சாதான் நான் எத வச்சு நல்லது கெட்டது சொல்றேன்னு புரியும். எங்க அம்மா முப்பது வருசத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவி பால் எடுத்தவங்க. இப்ப 71 வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. தூரமா எங்கயாவது போறோம்னா முந்துன நாள் ராத்திரியே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவாங்க, ஏன்னா வழியில இருக்குற டாய்லெட்ல உக்காந்து எந்திரிக்க முடியாது, கேட்டா எனக்கு தாகமே இல்லய்யான்னு சொல்லுவாங்க. ஒரு தடவ குவாந்தான்ல ஒரு கல்யாணத்துக்கு போயிட்டு வந்து மயங்கி விழுந்து கிளினிக்ல தண்ணி ஏத்துனாங்க. அன்னைக்கு நானும் வீட்டுக்காரியும் முடிவு பண்ணோம், டாய்லெட்ட கூடவே எடுத்துட்டு போவோம்னு. ஊர் சுத்துற ஆசையெல்லாம் அதுக்கு அப்புறம் வந்ததுதான்.

வண்டி உள்நாட்டுலயே ஒரு பட்டறையில செஞ்சது, நாங்க ரெண்டாவது கை. உடம்பு 12 அடி, ஒத்த ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங், முன்னால முட்டுனா தானா பிடிக்கிற ஓவர்ரன் பிரேக், இரும்பு சேசிஸ் மேல கட்டை பிரேம், வெளிய அலுமினிய தகடு. உள்ள ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம், மூணாவது ஆளு சோபாவ இழுத்துப் போட்டு படுக்கணும். சின்ன சிங்க், ஒரு மூலையில கதவு போட்ட டாய்லெட் ரூம், அதுல கீழ டப்பா கழட்டி கொட்டுற மாதிரி போர்ட்டபிள் டாய்லெட். வெல 14,500 வெள்ளி (ரிங்கிட்). கெரான் இருந்துச்சு, தனி நம்பர் பிளேட் இருந்துச்சு, பெயர் மாத்துனோம். இது இல்லாம எவ்வளவு மலிவா குடுத்தாலும் தொடாதீங்க, ரோட்டுக்கு எடுத்துட்டு போக முடியாத வண்டிய வாசல்ல வச்சு என்ன பண்றது.

வித்தவரு ஒழுகல் சுத்தமா கெடையாதுன்னு சொன்னாரு. நானும் நம்பி பகல் நேரத்துல நல்ல வெயில்ல போய் பாத்துட்டு காச குடுத்துட்டேன். வீட்டுக்கு கொண்டு வந்த நாலாவது நாள் நம்ம ஊர் நவம்பர் மழ. காலையில கதவ தொறந்தா ஈரச் சாக்கு நாத்தம். கட்டில் தலமாட்டுக்கு மேல இருக்குற மூலையில பெருவிரல வச்சு அமுக்குனேன், ஊறுன ரொட்டி மாதிரி உள்ள போகுது. ஒட்டுத்தாள உரிச்சுப் பாத்தா பிளைவூட் கருப்பா, கையால பிச்சா ஏடு ஏடா வருது. மேல ஏறிப் பாத்தா கூரை தகடும் பக்கத்து தகடும் சேருற இடத்துல பழைய சிலிக்கோன் மேல புது சிலிக்கோன், அதுக்கு மேல இன்னொரு தரம். சிலிக்கோன் மேல சிலிக்கோன் ஒட்டாது, ஓரத்துல தூக்கிக்கும், அந்த சந்துல போற தண்ணி வெளிய வர வழி தெரியாம கட்டைய குடிக்கும். ஆணி ஓட்டை ஒவ்வொண்ணும் அதே கததான்.

மூணு வாரம் போச்சு இதுக்கு. ஓரத்து அலுமினிய பட்டைய முழுசா கழட்டி, பழைய பசைய பிளாஸ்டிக் சொரண்டியால சொரண்டி எடுத்து, ஃபேன் போட்டு கட்டைய காய வச்சு, அழுகுன அளவுக்கு வெட்டி எடுத்துட்டு புது பிளைவூட் ஒட்டி, அதுக்கு அப்புறம் பியூட்டில் டேப் போட்டு பட்டைய திரும்ப முறுக்குனேன். பியூட்டில் டேப் எப்பவும் காயாது, சுவிங்கம் மாதிரி இழுபட்டுக்கிட்டே இருக்கும், வண்டி ஆடும்போது அதுவும் சேந்து நெளியும், அதான் இந்த இடத்துக்கு அது சரி. ஸ்குரூவ ஒரே நாள்ல முழுசா முறுக்காதீங்க, வெயில்ல ரெண்டு நாள் விட்டு பசை கசியுறத வழிச்சிட்டு மறுபடி முறுக்குங்க. கடைசியா மகன டார்ச் லைட்டோட உள்ள உக்கார வச்சு நான் மேல ஹோஸ் பைப்ப அரை மணி நேரம் ஓட விட்டேன். சொட்டு இல்ல. வாங்கப் போறவங்க தயவு செஞ்சு மழ பேஞ்ச மறுநாள் போங்க, மூலை எல்லாம் விரலால அமுக்கிப் பாருங்க, அலமாரிக்குள்ள தலய விட்டு மோந்து பாருங்க.

அடுத்தது எட. இதப் பத்தி நம்ம ஆளுங்க யாரும் பேசுறதே இல்ல, எனக்கு அதுதான் பயமா இருக்கு. மொத பயணம் தெலுக் பாத்தேக், லூமுட் கிட்ட இருக்கே அந்த கடற்கரை. எறக்கத்துல 85 வேகத்துல போறேன், ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் எங்கள தாண்டுது, அந்தக் காத்துல பின்னாடி கேரவன் வால ஆட்ட ஆரம்பிச்சிருச்சு, ஹைலக்ஸோட பின்பக்கமும் சேந்து ஆடுது, கண்ணாடில பாத்தா கேரவன் ஒரு பக்கம் தெரியுது அப்புறம் மறு பக்கம் தெரியுது. பிரேக்க அமுக்கல, ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு கால மட்டும் எடுத்தேன், 60க்கு வந்த அப்புறம்தான் அடங்குச்சு. அம்மா பின் சீட்ல முருகா முருகான்னு இருந்தாங்க. எனக்கு கை நடுக்கம் நிக்க ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) தேவப்பட்டுச்சு.

வீட்டுக்கு வந்து மச்சான்கிட்ட சொன்னேன், அவரு செம்பனை (பாமாயில்) ஆலையில வேல பாக்குறவரு, மேனேஜர்கிட்ட கேட்டு பழம் ஏத்துன லோரி எட போடுற மேடையில கேரவன ஏத்த விட்டாங்க. தகட்டுல வெறும் வண்டி எட 680 கிலோன்னு போட்டிருக்கு, நாங்க சாமான் தண்ணி எல்லாம் ஏத்துனது 1,020. ஆனா ஆட்டத்துக்கு காரணம் மொத்த எட இல்ல, மூக்குல, அதாவது முன்னால கொக்கி மாட்டுற எடத்துல, எவ்வளவு உக்காருதுங்கறதுதான். அத அளக்க பாத்ரூம் தராசு போதும், சமதரையில சக்கரத்துக்கு கட்டை குடுத்து, தராசு மேல பலகை வச்சு, அதுக்கு மேல ஒரு கட்டைய நிறுத்தி, வண்டில மாட்டுற அதே உயரத்துல கொக்கிய அது மேல எறக்கணும். 38 கிலோதான் காட்டுச்சு. மொத்தத்துல சுமாரா பத்துல ஒரு பங்கு மூக்குல இருக்கணும், கிட்டத்தட்ட 100 கிலோ. எங்க 80 லிட்டர் தண்ணி டேங்க் ஆக்ஸிலுக்கு பின்னாடி கடைசில இருந்துச்சு, அந்த 80 கிலோ ஏத்தம் மாதிரி மூக்க தூக்கி விட்டுருக்கு. டேங்க ஆக்ஸிலுக்கு கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்தேன், டூல் பெட்டிய முன் அலமாரிக்கு மாத்துனேன், 97 கிலோ வந்துருச்சு. மறுபடி அதே ரோட்டுல அதே மாதிரி பஸ் தாண்டுச்சு, ஒரு சின்ன தள்ளல் அவ்வளவுதான். ஆனாலும் நான் இப்ப 80க்கு மேல போறதில்ல. இந்த வேலைக்கு பைப்பும் கிளிப்பும் மட்டும்தான் செலவு, 60 வெள்ளிகூட வரல.

டயர் பூ (தரையில படுற வரி) எல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு, பக்கவாட்டுல 1114ன்னு நாலு நம்பர், அப்படின்னா 2014ல 11ஆவது வாரம் செஞ்சது. பக்கச் சுவர்ல மயிர் மயிரா வெடிப்பு. கேரவன் டயர் ஓடி தேயாது, நின்னே செத்துப் போகும். ரெண்டையும் மாத்திட்டேன். சக்கரம் கழட்டுனப்ப பேரிங் கிரீஸ் கோப்பி சூசூ (பால் காப்பி) கலர்ல இருந்துச்சு, தண்ணி எறங்கியிருக்கு, அதையும் மாத்தியாச்சு. இப்ப ஒவ்வொரு தடவையும் 20 கிலோமீட்டர் ஓடுன உடனே நிறுத்தி ரெண்டு பக்கமும் சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்ப தொட்டுப் பாக்குறேன், வெதுவெதுப்பா இருந்தா சரி, கை வைக்க முடியலன்னா அங்கயே நிறுத்திட வேண்டியதுதான்.

இழுவை கொக்கி போட்ட வொர்க்‌ஷாப் பத்தி எனக்கு மனசு ஆறல. பேரு சொல்லல. கேரவன் கப்ளர்ல (பந்து மேல உக்காந்து பூட்டுற பாகம்) 50ன்னு அச்சு இருக்கு, அதாவது 50 மில்லிமீட்டர் பந்துக்கு, அவங்க ஹைலக்ஸ்ல போட்டது 2 இன்ச் பந்து, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லதான் ஆனா பூட்டு முழுசா விழல, நான் தொங்கிப் பாத்தப்பதான் தெரிஞ்சது. ஒயரிங்ல இன்னும் மோசம், பிரேக் அமுக்குனா பின்னாடி இடது சிக்னல் எரியுது. ராத்திரி நேரம் பின்னாடி மோட்டார்ல வர்ற பையன் அத பாத்து வலது பக்கம் ஏறி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும். திரும்ப கொண்டு போனா இதுக்கு தனி காசுன்னு சொன்னாங்க. சண்ட போடாம வீட்டுக்கு வந்து நானும் மகனும் ஏழு பின் பிளக்க பிரிச்சு ஒவ்வொரு ஒயரா டெஸ்டர் வச்சு மாத்துனோம், எர்த் ஒயர துரு சொரண்டி நேரா சேசிஸ்ல முறுக்குனோம். ஆள் ஒருத்தர பின்னாடி நிக்க வச்சு லைட் எல்லாம் பாக்காம நாங்க இப்ப கேட்ட விட்டு வெளிய போறதில்ல. சேஃப்டி சங்கிலி ரெண்டையும் குறுக்க மாட்டுறதும் அதே நேரத்துல.

சூடு. மதியம் மூணு மணிக்கு உள்ள 41 டிகிரி காட்டுச்சு, அதுல வயசானவங்கள உக்கார வைக்க முடியாது. கூரைக்கு வெயில திருப்பி அடிக்கிற வெள்ள பெயிண்ட் ரெண்டு கோட், உள்ள சீலிங்ல நுரை அட்டை, கூரையில ஓட்டை போட்டு சூட்ட வெளிய தள்ளுற 12 வோல்ட் ஃபேன். இப்ப அதே நேரத்துல 34 வருது. இதுல ஃபேன் குடுத்த நிம்மதிதான் அதிகம், கீழ நெழல் பக்கத்து சன்னல மட்டும் கொஞ்சமா தொறந்து வச்சா காத்து அங்கேருந்து இழுத்துக்கிட்டு போகுது. ஏர்கோன் நான் போடல.

கரெண்டுக்கு 100 ஏஎச் லித்தியம் பேட்டரி, கூரையில 100 வாட் சோலார். ஃபேன், சின்ன பிரிஜ், லைட் எல்லாம் சேத்து ரெண்டு ராத்திரி கவலையில்லாம ஓடுது, மழ நாள்னா பிரிஜ்ஜ ராத்திரி அடைச்சிடுவோம். வெளி கரெண்ட் எடுத்தா ஒயர் உருளைய முழுசா பிரிச்சுப் போடுங்க, சுத்துனபடியே விட்டா சூடாகி உருகிடும்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. கதவுப் படி தரையில இருந்து 38 சென்டிமீட்டர் உயரம். அம்மா மொத நாள் அத பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம சேர்ல போய் உக்காந்துட்டாங்க, அப்பதான் எனக்கு ஒறச்சுது, எதுக்காக வாங்குனமோ அவங்களாலயே ஏற முடியல. வெல்டிங் கடையில நடுவுல ஒரு படி மடக்குற மாதிரி செய்ய சொன்னேன், மேடு போட்ட செக்கர் பிளேட், இப்ப ஒவ்வொரு எட்டும் 19 சென்டிமீட்டர். கதவுக்கு வலது பக்கம் ஒரு இன்ச் ஸ்டெயின்லெஸ் பைப்ல கைப்பிடி. வெறும் தகட்டுல ஸ்குரூ போட்டா ஆள் தொங்குனா பிச்சுக்கும், அதனால உள்பக்கம் இரும்புத் தகடு குடுத்து போல்ட்ட ஊடுருவ விட்டு முறுக்கியிருக்கேன். டாய்லெட் ரூம்லயும் அதே மாதிரி ஒண்ணு. உயரத்த நான் அளக்கல, அம்மாவ நிக்க வச்சு கைய வைக்க சொல்லி அந்த எடத்துல பென்சில்ல கோடு போட்டேன். மொத்தம் 250 வெள்ளி. இந்த வண்டில போட்ட காசுல இதுக்கு ஈடா எதுவும் இல்ல. போன டிசம்பர்ல தாசிக் ராபான்ல ஏரிக்கரையில நின்னப்ப அவங்களா எறங்கி வந்து, ஃபிளாஸ்க்க தொறந்து, ரெண்டாவது கப் டீ ஊத்திக்கிட்டாங்க. நானும் வீட்டுக்காரியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

மலையேத்தம் கேட்டவங்களுக்கு, கேமரன் மலைக்கு போயிட்டு வந்தோம், தாப்பா வழி இல்ல, சிம்பாங் பூலாய்ல இருந்து கம்போங் ராஜா ஏறுற ரோடு, அகலமா இருக்கும் வளைவும் கம்மி. ஏறுறது பிரச்சன இல்ல, மெதுவா போகும். எறங்குறப்பதான் கவனம், ஓவர்ரன் பிரேக் கேரவன் முட்ட முட்ட பிடிச்சுக்கிட்டே இருக்கும், சூடாகும், அதனால ரெண்டாவது கியர்லயே எறங்கி நடுவுல ஒரு தடவ நிறுத்தி ஆற விட்டேன். டீசல் வெறும் ஹைலக்ஸ்ல லிட்டருக்கு 11 கிலோமீட்டர் வர்றது, இழுத்தா 8. 2024 ஜூன்ல டீசல் 2.15 வெள்ளில இருந்து 3.35க்கு போனதுல இருந்து இந்த வித்தியாசம் பையில தெரியுது, கணக்கு போட்டுக்கோங்க.

தோட்டத்துக்கு பக்கத்துல வீடு இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு, எலி. செம்பனைக்குள்ள இருக்குற எலி ஒயர் ஓட்டை வழியா ஏறி மெத்தைய கொதறிடுச்சு. ஓட்டை எல்லாம் இரும்பு நாரு திணிச்சு அடைச்ச அப்புறம் இல்ல.

ரிப்பேருக்கும் மத்ததுக்கும் மொத்தம் 3,640 வெள்ளி ஆச்சு. கையில வேல தெரிஞ்சவங்க, இல்ல தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருக்குறவங்க வாங்கலாம், நான் அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு கொறஞ்சது ஒழுகலுக்கு. வாங்குன அன்னைக்கே கொக்கில மாட்டி கெளம்பணும்னு நெனைக்கிறவங்க பழசு பக்கம் போகாதீங்க, காசு சேத்து புதுசு எடுங்க.

இப்ப வேல நடந்துக்கிட்டு இருக்குறது ஸ்பேர் டயருக்கு முன் பக்கம் ஒரு ஸ்டாண்டு. அம்மா பகாங்ல இருக்குற மாரான் முருகன் கோயிலுக்கு பங்குனி உத்திரத்துக்கு போகணும்னு பல வருசமா கேட்டுக்கிட்டு இருக்காங்க, கூட்டம் சேருறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போய் எடம் பிடிக்கிறதா இருக்கோம். அந்த தூரத்துக்கு ஸ்பேர் இல்லாம நான் கெளம்ப மாட்டேன். வெல்டிங் அண்ணன் அடுத்த வாரம் தர்றேன்னு சொல்லியிருக்காரு.